ஞாயிறு பாடசாலையும் ஏழைச் சிறுவரும்

ஞாயிற்றுக்கிழமை காலையில் தேவாலயத்தின் ஒரு புறத்திலே சிறுவர்கள் கூடியிருந்து வேதக் கதைகளையும் செபங்களையும் கற்பது நமக்குப் பழகிப்போன காட்சி. கிறித்தவ சமயம் தோன்றிய நாள்தொட்டே இவ்வழக்கம் இருந்து வருகிறதென்று பலர் எண்ணக்கூடும். உண்மை அதுவன்று. ஞாயிறு பாடசாலை, இங்கிலாந்தின் கைத்தொழிற் புரட்சிக் காலத்திலே ஓர் இயக்கமாக உருப்பெற்றது. சமயப் பற்றோடு சிறுவர் உழைப்பும் அதன் பிறப்புக்குக் காரணமாயிற்று.

குளொஸ்ரர் நகரம் அக்காலத்தில் குண்டூசித் தொழிலுக்குப் பேர்பெற்றிருந்தது. ஏழைச் சிறுவர் வாரத்தில் ஆறு நாளும் பட்டறைகளில் உழைத்தனர். ஏழாம் நாளில் தெருக்களில் கூடிக் கூச்சலிட்டனர். அந்நகரப் பத்திரிகையாசிரியரான ரொபேட் றெயிக்ஸ், தோமஸ் ஸ்ரொக் என்னும் குருவானவரோடு சேர்ந்து, 1780இல் இச்சிறுவருக்குப் பாடசாலை அமைத்தார். ஆசிரியைகளுக்கு ஞாயிறொன்றுக்கு ஒரு சிலிங் ஊதியம் வழங்கி, வாசிப்பையும் ஞானோபதேச வினாவிடையையும் கற்பிக்கச் செய்தார். இத்தகைய முயற்சி அவருக்கு முன்னரும் இருந்ததுண்டு. எனினும் 1783இல் அவர் தம் பத்திரிகையில் வெளியிட்ட செய்தியே இதனை நாடெங்கும் பரப்பிற்று.

வேதாகமத்தைத் தாமே படித்தறிய வேண்டுமென்பது புரட்டஸ்தாந்தக் கொள்கை. ஆகவே பிள்ளைக்கு வாசிப்புத் தேவைப்பட்டது. ஆனால் எழுத்து? இங்கேதான் வர்க்க நலன் தலைகாட்டிற்று. 1789இல் செடர் என்னும் கிராமத்திற் பாடசாலை தொடங்கிய ஹனா மோர் அம்மையார், ஏழைகளுக்கு வாசிக்கக் கற்பித்தார். எழுதக் கற்பிக்க மறுத்தார். ஏழைகள் பக்தியும் உழைப்பும் உடையவராய்த் தம் நிலையிலே அமைந்திருத்தல் வேண்டுமென்பதே அவர் நோக்கம். அவ்வளவு கல்வியையும் பொறுக்காத பண்ணைக்காரர் இருந்தனர். பிரெஞ்சுப் புரட்சியைக் கண்டு அஞ்சியிருந்த காலம் அது. வேதம் வாசிக்கத் தெரிந்தவன் தோமஸ் பெயினின் நூலையும் வாசிப்பானே!

அவ்வச்சம் ஆதாரமற்றதன்று. லங்காஷயரில் மிடில்ரன் என்னும் ஊரிலிருந்த மெதடிஸ்த ஞாயிறு பாடசாலை, சுரங்கத் தொழிலாளரின் பிள்ளைகளுக்கு எழுத்தையும் கற்பித்தது. அங்கே பயின்ற சாமுவேல் பாம்போட் என்னும் நெசவாளி, 1819இல் வாக்குரிமை கோரி மன்செஸ்ரரில் திரண்ட பெருங்கூட்டத்துக்குத் தம் ஊர் மக்களை அணிவகுத்து அழைத்துச் சென்றார். குதிரைப்படை அக்கூட்டத்தின்மீது பாய்ந்தது. பாம்போட் சிறை சென்றார். பின்னர் தம் வரலாற்றைத் தாமே எழுதினார்.

திருச்சபைத் தலைவர்களோ ஓய்வுநாளில் எழுத்துக் கற்பித்தல் தகாதென்றனர். 1827இல் வெஸ்லியன் மெதடிஸ்த மாநாடும் அதே நிலைப்பாட்டை வகுத்தது. ஆனால் ஞாயிறு தவிர வேறு ஓய்வில்லாத பிள்ளை எந்நாளிற் கற்பது? பஞ்சாலை நகரமாகிய ஸ்ரொக்போட்டில் 1784இல் எழுந்த பாடசாலை, இத்தடையை ஏற்காது ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தது. இத்தகைய பாடசாலைகளின் ஆசிரியர் பலர், அங்கேயே கற்று வளர்ந்த தொழிலாளராவர். கூலியின்றியே அவர்கள் கற்பித்தனர்.

1851ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 20 இலட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் ஞாயிறு பாடசாலைகளிற் பதிவாகியிருந்தனர். 1870இல் ஆரம்பக் கல்விச் சட்டம் நிறைவேறியது. எழுத்தறிவிக்கும் பணி படிப்படியாக வாரநாட் பாடசாலைகளுக்கு மாறியது. தேவாலயத்தில் சமய போதனையே எஞ்சியது. அதுவே இன்று நாம் காணும் ஞாயிறு பாடசாலை.

இலண்டனில் தேம்ஸ் நதிக்கரையில் றெயிக்ஸுக்குச் சிலையொன்று உண்டு. அவர் தொடக்கிவைத்த பணி மறுக்கற்பாலதன்று. ஆயினும் ஆறு நாள் உழைத்துக் களைத்த உடலோடு, ஏழாம் நாளும் விளையாடாது எழுத்துக்கூட்டக் குந்தியிருந்த பிள்ளைகளுக்குச் சிலையில்லை. எச்சமயத்தவராயினும் பிள்ளைகளுக்குப் போதிக்கப் புகுவோர் தம்மைத் தாமே கேட்கவேண்டிய கேள்வியை அப்பிள்ளைகளின் வரலாறு விட்டுச் சென்றிருக்கிறது: நாம் கற்பிப்பது பிள்ளை அடங்கியிருப்பதற்கா, அன்றி நிமிர்ந்து நிற்பதற்கா?