அத்திப்பழம் ஈரலான கதை

இலத்தீனில் கல்லீரலுக்கு ‘இயெகுர்’ என்று பெயர். கிரேக்கத்தின் ‘ஹேப்பார்’, ஆயுர்வேத நூல்களில் வரும் ‘யக்ருத்’ ஆகியவற்றுக்கு அது உடன்பிறப்பு. அத்தனை பழைய சொல், ஆனால் இலத்தீனின் வாரிசு மொழிகளில் அன்றாடப் பேச்சில் அதைக் காணோம். இத்தாலியருக்கு ஈரல் ‘ஃபேகதோ’. ஸ்பானியருக்கு ‘ஈகதோ’, போர்த்துகீசியருக்கு ‘ஃபீகது’, ருமேனியருக்கு ‘ஃபிகாத்’, பிரெஞ்சுக்காரருக்கு ‘ஃப்வா’. எல்லாவற்றுக்கும் வேர் ‘ஃபிகாதும்’. ‘ஃபீகுஸ்’ என்றால் அத்தி. ஃபிகாதும் என்றால் அத்தியூட்டியது.

பேரை மாற்றியவர்கள் மருத்துவர்கள் அல்லர், சமையற்காரர்கள். ரோமாபுரிச் செல்வர்கள் வாத்துக்கு அத்திப்பழம் ஊட்டி ஈரலைக் கொழுக்க வைத்தார்கள். கவிஞர் ஹொரேஸ் தம் அங்கதப் பாடலில் அந்த விருந்தைக் காட்டுகிறார். அபிகியுஸ் என்ற போஜனப்பிரியர் இதே வித்தையைப் பெண்பன்றியிடமும் காட்டினார் என்று, கி.பி. 79-இல் வெசுவியஸ் எரிமலை வெடித்தபோது இறந்த பிளினி எழுதி வைத்திருக்கிறார். இந்தப் பண்டத்துக்குப் பெயர் ‘இயெகுர் ஃபிகாதும்’, அதாவது அத்தியூட்டிய ஈரல். கிரேக்கர்கள் முன்பே வைத்திருந்த ‘ஹேப்பார் சிகோதோன்’ என்ற பெயரைப் பார்த்துச் செய்தது அது. நாம் ‘ஒரு நெய் ரோஸ்ட்’ என்று கேட்கும்போது தோசை காணாமல் போகிறதல்லவா? அப்படித்தான் இயெகுர் உதிர்ந்தது, அடைமொழி மட்டும் நின்றது. பிறகு அத்தியையே பார்த்திராத ஆட்டின் ஈரலும், ஏன், மனிதனின் ஈரலும்கூட ஃபிகாதும் ஆயின. இன்றைய கிரேக்கத்திலும் இதே கதைதான்: ஹேப்பார் மருத்துவரிடம் ஒதுங்கிவிட, கசாப்புக் கடையில் ‘சிகோதி’ என்றே கேட்கிறார்கள்.

எனக்குச் சுவையாகப் படுவது ருமேனியச் சொல். இலத்தீனில் அழுத்தம் ‘கா’ மீது விழும். மேலே சொன்ன மொழிகளில் அதை அப்படியே காத்தது ருமேனியம்தான். இத்தாலியரும் ஸ்பானியரும் முதல் அசையை அழுத்துகிறார்கள். கிரேக்கச் சொல்லின் தாக்கம் என்பது பல அறிஞர்களின் கருத்து. ஸ்பானியத்தில் சொல்முதல் ‘ஃப்’ பல இடங்களில் தேய்ந்து மறைந்தது. அதனால் அவர்களுடைய அத்திப்பழம் ‘ஈகோ’ (நாம் சொல்லும் ஈகோ வேறு), ஈரல் ‘ஈகதோ’. உறவு காதுக்கே தெரிகிறது. ‘ஃப்வா’வில் அந்த அடையாளமும் கரைந்துவிட்டது.

இத்தாலியில் துணிச்சல்காரனை ‘ஃபேகதோ உள்ளவன்’ என்பார்கள். அச்சத்தில் ஈரக்குலை நடுங்கும் நமக்கு அது எளிதில் புரியும்.

பிரான்சின் புகழ்பெற்ற ‘ஃப்வா கிரா’, அதாவது கொழுத்த ஈரல், இன்றும் வாத்துக்கு வலிந்து ஊட்டித்தான் தயாராகிறது. ஆனால் ஊட்டுவது அத்தி அல்ல. கொலம்பஸுக்குப் பின் அமெரிக்காவிலிருந்து வந்த மக்காச்சோளம்.