சாவியை எப்போது திருப்பித் தருவீர்கள்?

சிதம்பரம் கீழ வீதியில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். ரிட்டையர்டு வாத்தியார். போன மாதம் மூளையில் ரத்தக்கசிவு. இன்றுவரை கண் திறக்கவில்லை. ஆஸ்பத்திரி பில் எகிறுகிறது. பேங்க்கில் அவர் பெயரில் பத்து லட்சம் ரூபாய் டெபாசிட் சும்மா தூங்குகிறது. மகன் போய்க் கேட்டால், "ஐயா கையெழுத்து வேணுமே தம்பி... இல்லேன்னா கோர்ட் ஆர்டர் கொண்டாங்க" என்கிறார் மேனேஜர்.

"அதான் முன்னாடியே பவர் எழுதி வாங்கியிருக்கோமே!" என்று நீங்கள் கேட்கலாம். பி.காம். படித்தபோது மெர்க்கன்டைல் லா பேப்பருக்காக நான் உருப்போட்ட சமாசாரம் இது. 1872-ம் வருட ஒப்பந்தச் சட்டம், 201-வது பிரிவு. எழுதிக் கொடுத்தவரின் புத்தி சுவாதீனம் போனால் அந்தப் பவரும் போச்சு! வெயிலில் விரியும், மழை வந்தால் விரியாது... அப்படி ஒரு குடை.

ஆக, கடலூருக்கு பஸ் ஏற வேண்டியதுதான். ஜில்லா கோர்ட்டும் கலெக்டரும் அங்கேதானே! இந்தப் பயணத்துக்கு வயது 160-க்கு மேல்.

சிப்பாய்க் கலகத்தின் புகை அடங்குவதற்குள், 1858-ல், வெள்ளைக்கார சர்க்கார் 'பைத்தியக்காரர்'களுக்காக (அந்தக் காலச் சட்டத்தின் வார்த்தை அது) ஒரே மூச்சில் மூன்று சட்டங்கள் போட்டது. எண் 34 சென்னை மாதிரி பெரிய நகரங்களுக்கு. எண் 36 பைத்தியக்கார ஆஸ்பத்திரிகளுக்கு. நடுவில் இருந்த 35-தான் கடலூரைத் தலைநகராகக் கொண்ட தென்னாற்காடு போன்ற ஜில்லாக்களுக்கு. உறவினர் மனு கொடுத்தால் ஜட்ஜ் விசாரிப்பார். உண்மைதான் என்று தெரிந்தால் சொத்தைப் பார்த்துக்கொள்ள ஒரு மேனேஜர், ஆளைப் பார்த்துக்கொள்ள ஒரு கார்டியன். கவனியுங்கள், சொத்து இருந்தால்தான் இந்த மரியாதை! இல்லாத ஏழைக்கு 36-ம் நம்பர் கதவுதான்.

பெரிய ஜமீன் என்றால் வேறு வழி. 1804-லேயே சென்னை மாகாணத்தில் 'கோர்ட் ஆஃப் வார்ட்ஸ்' வந்துவிட்டது. வாரிசு மைனராகவோ புத்தி சுவாதீனம் இல்லாதவராகவோ இருந்தால், கலெக்டரே எஸ்டேட்டை நிர்வகிப்பார். எஸ்டேட் திவாலானால் சர்க்காருக்கு வரவேண்டிய கிஸ்தியும் போய்விடுமே... அக்கறை சும்மா வரவில்லை.

1858 சட்டங்களைத் திரட்டி 1912-ல் ஒரே சட்டமாக்கினார்கள். கணக்குப் படித்தவனுக்கு அது விருந்து. நியமனமான ஆறு மாதத்துக்குள் மேனேஜர் சொத்துப் பட்டியல் தரவேண்டும். வருஷா வருஷம் கணக்கு. கோர்ட் அனுமதி இல்லாமல் நிலத்தை விற்கவோ, ஐந்து வருடத்துக்கு மேல் குத்தகைக்கு விடவோ கூடாது. எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்த விதி இதுதான்: நோயாளியின் சட்டபூர்வ வாரிசை, சாதாரணமாக, அவர் உடம்புக்குக் கார்டியனாகப் போடக்கூடாது. ஏன்? ஆள் சீக்கிரம் போனால் யாருக்கு லாபமோ, அவர் கையில் கஞ்சிக் கிண்ணத்தைக் கொடுக்காதே!

இந்தச் சந்தேகப் புத்தியின் வேர் இங்கிலாந்தில் இருக்கிறது. 1324 வாக்கில் எழுதப்பட்டதாகச் சொல்லப்படும் ஒரு பழைய சட்டம், ராஜாவின் உரிமைகளை அடுக்குகிறது. பிறவியிலேயே புத்தி வளராதவரின் நிலத்தை ராஜா வைத்துக்கொள்ளலாம். அவருக்குச் சாப்பாடு போட்டுவிட்டு மிச்ச வருமானத்தையும் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் நன்றாக இருந்து நடுவில் புத்தி பேதலித்தவரின் நிலத்தில் ராஜா காலணாகூடத் தொடக்கூடாது. குடும்பச் செலவு போக மிச்சத்தைப் பத்திரமாக வைத்திருந்து, தெளிந்தபின் திருப்பித் தரவேண்டும்.

திருப்பித் தருவது... அங்கேதான் எல்லாக் காவலர்களும் மாட்டிக்கொள்கிறார்கள்.

சிதம்பரத்திலேயே இன்னொரு விதமாக இது நடந்தது. கோயில் தெய்வத்துக்குச் சொத்து இருக்கலாம். கையெழுத்துப் போட முடியாது. அதனால் நம் கோர்ட்டுகள் தெய்வத்தை மைனர் மாதிரியே பாவிக்கின்றன. நடராஜர் கோயிலை நிர்வகிக்க 1987-ல் அரசு ஒரு செயல் அலுவலரை நியமித்தது. எத்தனை காலத்துக்கு? சொல்லவில்லை. வழக்கு இழுத்து இழுத்து 2014 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்னது: கோளாறைச் சரிசெய்ய நிர்வாகத்தை எடுக்கலாம், சரியானதும் உரியவரிடம் கொடுத்துவிட வேண்டும், காலவரையின்றி வைத்துக்கொள்ள முடியாது. தீட்சிதர் விவகாரத்தில் உங்கள் கட்சி எதுவோ, எனக்குத் தெரியாது. ஆனால் அந்த ஒரு வாதம் 1324-ஐத்தான் ஞாபகப்படுத்துகிறது.

மனிதர்கள் விஷயத்தில் சட்டம் மெதுவாகத்தான் நகர்ந்தது. 1987-ன் மனநலச் சட்டம் 1993-ல் அமலுக்கு வந்தது. 'பைத்தியம்' போயிற்று, மேனேஜர் தங்கினார். 1999-ன் தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுத்திறன் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்குக் கலெக்டர் இருக்கும் கமிட்டி மூலமே கார்டியன் நியமிக்க வழி செய்தது. அதிலும் ஆறு மாதத்துக்குள் சொத்துப் பட்டியல்! 2016-ன் மாற்றுத்திறனாளிகள் சட்டம் இன்னும் ஒரு படி மேலே: குறிப்பிட்ட முடிவுக்கு மட்டும், குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும், அவர் விருப்பத்தை ஒட்டி, அவரோடு சேர்ந்து முடிவெடுக்க வேண்டும். 2017-ன் மனநலப் பராமரிப்புச் சட்டமோ சொத்து அத்தியாயத்தையே விட்டுவிட்டது.

நல்ல மாற்றம்தான். ஆனால் கண்ணே திறக்காத நம் வாத்தியாரோடு எப்படிச் சேர்ந்து முடிவெடுப்பது?

2024 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு இதே கேள்வி வந்தது. கோமாவில் கணவர். அவர் பெயரில் ஒரு கோடிக்கு மேல் மதிப்புள்ள சொத்து. சிகிச்சைக்குக் காசில்லாத மனைவி. தனி நீதிபதி, சிவில் கோர்ட்டுக்குப் போங்கள் என்று அனுப்பிவிட்டார். மேல்முறையீட்டில் நீதிபதிகள் ஜி.ஆர்.சுவாமிநாதன், பி.பி.பாலாஜி அமர்வு அந்த அலைச்சல் வேண்டாம் என்று மனைவியையே கார்டியனாக நியமித்தது. சொத்தை விற்கலாம். ஆனால் அதில் 50 லட்சத்தை வங்கியில் டெபாசிட்டாகப் போட்டுவிட வேண்டும்.