உருமாறும் கிருமியும் அதைப் பின்தொடரும் தடுப்பூசியும் – ஒரு வரலாற்றுப் பார்வை

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

ஹஜ்ஜுப் பயணத்திற்கு ஆயத்தமாகும் நம் மஹல்லாப் பெரியவர்கள் தடுப்பூசி முகாமுக்குச் சென்று திரும்பும்போது நம்மிடம் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. "ஹஜ்ரத்! மூளைக்காய்ச்சல் ஊசி ஒருமுறை போட்டால் சில வருஷங்களுக்குப் போதும் என்கிறார்கள். ஃப்ளூ ஊசியை மட்டும் வருஷா வருஷம் போடச் சொல்கிறார்களே, போன வருஷம் போட்டது வீணா?" என்பதே அது. நியாயமான இக்கேள்விக்கு வரலாறே பதில் சொல்கிறது.

1918ஆம் ஆண்டு முதல் உலகப்போரின் இறுதியில் கப்பல்வழி பம்பாயில் இறங்கிய இன்ஃபுளுயன்சா, நம் நாட்டில் மட்டும் ஒரு கோடிக்கும் அதிகமான உயிர்களைக் கொண்டு சென்றது. அந்நாளில் அது எந்தக் கிருமியால் வருகிறது என்பதே எவருக்கும் தெரியவில்லை. மனிதரைத் தாக்கும் இன்ஃபுளுயன்சா வைரஸை 1933இல்தான் லண்டன் விஞ்ஞானிகள் பிரித்தெடுத்தனர். பின்னர் தாமஸ் பிரான்சிஸ், ஜோனாஸ் சால்க் ஆகியோர் கோழிமுட்டைக் கருவில் வைரஸை வளர்த்து, அதைச் செயலிழக்கச் செய்து தடுப்பூசி தயாரித்தனர். 1943இல் அமெரிக்க ராணுவத்தாரிடம் நடந்த சோதனையில் அது நற்பலன் தந்தது.

ஆயினும் 1947இல் அதே தடுப்பூசி பலனற்றுப் போயிற்று. மருந்து கெட்டுப்போகவில்லை, கிருமிதான் மாறியிருந்தது. வைரஸின் மேற்புறத்தில் முட்கள் போன்ற புரதங்கள் உள்ளன. நம் உடலின் எதிர்ப்புச் சக்தி அவற்றை அடையாளம் வைத்தே கிருமியைப் பிடிக்கிறது. வைரஸ் பெருகும்போது நேரும் சிறு பிழைகளால் அம்முட்களின் வடிவம் சிறிது சிறிதாக மாறுகிறது. சில வேளைகளில் பறவை, பன்றி ஆகியவற்றின் வைரஸ்களோடு கலந்து முற்றிலும் புதிய வடிவமும் தோன்றிவிடுகிறது. பழைய அடையாளத்தைக் கொண்டு புதியவனைப் பிடிக்க இயலுமா?

அத்தகைய புதியவனே 1957இல் வந்தது. அவ்வாண்டு ஏப்ரலில் ஹாங்காங்கில் காய்ச்சல் பரவும் செய்தியைப் பத்திரிகையில் படித்த மாரிஸ் ஹில்மேன் என்ற அமெரிக்க விஞ்ஞானி, மாதிரிகளைத் தருவித்துச் சோதித்து, மக்களிடம் இதற்கு எதிர்ப்புச் சக்தி இல்லையென எச்சரித்தார். அவரது முயற்சியால் அந்நாட்டில் ஏறத்தாழ 4 கோடி ஊசிகள் தயாராயின. நம் நாட்டிற்கோ மே மாதமே சிங்கப்பூரிலிருந்து சென்னைத் துறைமுகம் வந்த கப்பல் வழியாக அந்நோய் நுழைந்துவிட்டது. நம் நீலகிரி மாவட்டம் குன்னூரில் 1907இல் வெறிநாய்க்கடி மருந்துக்காகத் தொடங்கப்பட்ட பாஸ்டர் நிறுவனத்தில் இயங்கிய இன்ஃபுளுயன்சா மையம் அதனை ஆராய்ந்தது. நாடெங்கும் 44 லட்சத்திற்கும் அதிகமானோர் நோயுற்றதாகவும், ஆயிரத்திற்கும் மேற்பட்டோர் இறந்ததாகவும் பதிவாயிற்று.

1952இல் உலக சுகாதார நிறுவனம் அமைத்த கண்காணிப்பு வலையமைப்பில் இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகள் உள்ளன. எந்த வடிவம் எங்கே பரவுகிறதெனப் பார்த்து, ஆண்டுக்கு இருமுறை கூடி, அடுத்த ஊசியில் எவை இடம்பெற வேண்டுமென அந்நிறுவனம் பரிந்துரைக்கிறது. முட்டையில் வளர்த்துத் தயாரிக்க ஏறக்குறைய ஆறு மாதங்கள் ஆவதால், முன்கூட்டியே கணிக்க வேண்டியிருக்கிறது. கணிப்பு சில ஆண்டுகள் தவறுவதும் உண்டு.

கொரோனாவும் இவ்வழியே சென்றது. 2021 நவம்பரில் ஒமைக்ரான் வடிவம் வெளிப்பட்டது. அதற்கென்றே புனேயின் ஜெனோவா நிறுவனம் எம்.ஆர்.என்.ஏ. முறையில் தயாரித்த தடுப்பூசிக்கு 2023 ஜூனில் நம் நாட்டில் அவசரகால அனுமதி கிடைத்தது. இம்முறையில் வைரஸை வளர்க்கத் தேவையில்லை. அதன் மரபுக்குறிப்பை மாற்றி எழுதினால் போதும் என்பதால் காலம் மிச்சமாகிறது. எல்லா வடிவங்களுக்கும் பொதுவான பகுதியைக் குறிவைக்கும் ஒரே தடுப்பூசிக்கான ஆய்வுகளும் நடந்துவருகின்றன.

நம் பள்ளத்தாக்கு மக்களுக்கு இது புரியாத விஷயமன்று. பென்னிகுவிக் கட்டிய முல்லைப் பெரியாறு அணை 1895 முதல் நின்றுகொண்டிருக்கிறது. அணை இருக்கிறதே என்று வாய்க்காலைத் தூர்வாராமல் விட்டால் வயலுக்குத் தண்ணீர் வந்து சேருமா? ஊசியும் அவ்வாறே.

ஷாம் தேசத்தில் அம்வாஸ் கொள்ளைநோய் பரவியபோது, கலீபா உமர் (ரலி) அவர்கள் ஸர்க் என்னுமிடத்தில் தோழர்களைக் கலந்தாலோசித்துத் தம் கூட்டத்தாருடன் மதீனாவுக்குத் திரும்பினார்கள். கொள்ளைநோய் உள்ள ஊருக்குள் நுழையலாகாது, அங்கிருப்போர் அஞ்சி வெளியேறலாகாது என்ற நபிமொழியை அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்கள் அறிவித்தபோது அம்முடிவு உறுதியாயிற்று. முயற்சி செய்வது தவக்குலுக்கு முரணானதன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

2020, 2021ஆம் ஆண்டுகளில் விரல்விட்டு எண்ணத்தக்க ஆட்களுடன் நாம் தொழுவித்த ஜனாஸாக்களை இன்றும் மறக்க இயலவில்லை. ஊசியைப் பற்றிய வதந்திகள் உலவியபோது மிம்பரில் தெளிவாகப் பேச நாமும் தாமதித்தோம். அக்குறை மனதை உறுத்துவதாலேயே இக்கட்டுரையை எழுதினோம். வயது முதிர்ந்தோரும், சர்க்கரை, ஆஸ்துமா, இருதய நோயுள்ளோரும், கர்ப்பிணிகளும் மருத்துவரிடம் ஆலோசித்து உரிய காலத்தில் ஊசி போட்டுக்கொள்வார்களாக. உடல்நலம் அல்லாஹ் தந்த அமானிதம்.

வல்ல ரஹ்மான் நம் மஹல்லாவையும் அனைத்து மக்களையும் நோய் நொடிகளிலிருந்து பாதுகாப்பானாக! ஆமீன்.