வங்கக் கடலின் வெப்பத்தை அளப்பது எப்படி? புயல் கணிப்புக்குத் துணை நிற்கும் மிதவைகளும் செயற்கைக்கோள்களும்

ஒடிசா மாநிலத்தை 1999-ஆம் ஆண்டு அக்டோபர் 29-ஆம் தேதி தாக்கிய சூப்பர் புயலில் ஏறத்தாழ 10,000 பேர் உயிரிழந்தனர். அதே மாநிலத்தின் கோபால்பூர் அருகே 2013-ஆம் ஆண்டு அக்டோபர் 12-ஆம் தேதி ‘பைலின்’ புயல் கரையைக் கடந்தபோது, உயிரிழப்பு சில பத்துகளுக்குள் அடங்கியது. புயல் வருவதற்கு முன்பே ஏறத்தாழ 10 லட்சம் பேர் பாதுகாப்பான இடங்களுக்கு அழைத்துச் செல்லப்பட்டிருந்தனர்.

புயல் பாதுகாப்பு மையங்களும் நிர்வாகத்தின் முன்னேற்பாடுகளும் இந்த மாற்றத்துக்கு முக்கியக் காரணங்கள். ஆனால், எப்போது, எந்தக் கடற்கரையிலிருந்து மக்களை வெளியேற்ற வேண்டும் என்று முடிவெடுக்க நம்பத்தகுந்த முன்கணிப்பு தேவை. அதற்குக் கடலின் நிலையைத் தொடர்ந்து அளந்தாக வேண்டும்.

கடல் ஏன் முக்கியம்?

பசுங்குடில் வாயுக்களால் பூமியில் தேங்கும் கூடுதல் வெப்பத்தில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்ட பகுதியைப் பெருங்கடல்களே உள்வாங்குகின்றன. இந்த வெப்பமே புயல்களுக்கு ஆற்றலாகிறது. பொதுவாக, கடலின் மேற்பரப்பு வெப்பநிலை 26.5 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருக்கும் பகுதிகளில்தான் வெப்பமண்டலப் புயல்கள் உருவாகின்றன.

வங்கக் கடலுக்குத் தனித்தன்மை ஒன்று உண்டு. கங்கை, பிரம்மபுத்திரா முதலான ஆறுகளின் நன்னீரும் பருவமழை நீரும் கலப்பதால், அதன் மேற்பரப்பில் உப்புத்தன்மை குறைந்த, எடை குறைந்த நீர்ப்படலம் உருவாகிறது. மற்ற கடல்களில் புயல்காற்று நீரைக் கலக்கும்போது அடியிலுள்ள குளிர்நீர் மேலே வந்து புயலின் வேகத்தைத் தணிக்கும். வங்கக் கடலில் இந்த நன்னீர்ப் படலம் அக்கலப்பைத் தடுப்பதால், புயலுக்குக் கிடைக்கும் வெப்பம் எளிதில் குறைவதில்லை. எனவே, இங்கு வெப்பநிலையுடன் உப்புத்தன்மையையும் ஆழவாரியாக அளப்பது இன்றியமையாததாகிறது.

மூழ்கி எழும் ஆர்கோ மிதவைகள்

இப்பணியை உலக அளவில் மேற்கொள்வது ‘ஆர்கோ’ திட்டம். ஏறத்தாழ 4,000 தானியங்கி மிதவைகள் உலகப் பெருங்கடல்களில் இயங்கி வருகின்றன. இவற்றுக்கு உந்துவிசைப் பொறி கிடையாது. மிதவையின் உள்ளிருக்கும் எண்ணெய், வெளியிலுள்ள பைக்குள் செலுத்தப்படும்போது மிதவையின் கனஅளவு கூடி அது மேலெழும்புகிறது. எண்ணெய் திரும்ப உள்ளிழுக்கப்படும்போது மூழ்குகிறது.

ஒவ்வொரு மிதவையும் 1,000 மீட்டர் ஆழத்தில் நீரோட்டத்துடன் ஒன்பது நாட்கள் அளவுக்கு மிதந்து செல்லும். பின்னர் 2,000 மீட்டர் வரை இறங்கி, அங்கிருந்து மேலேறும் வழியெங்கும் வெப்பநிலையையும் உப்புத்தன்மையையும் பதிவு செய்யும். நீரின் மின்கடத்து திறனைக் கொண்டு உப்புத்தன்மை கணக்கிடப்படுகிறது. மேற்பரப்பை அடைந்ததும் தரவுகளைச் செயற்கைக்கோளுக்கு அனுப்பிவிட்டு, மிதவை மீண்டும் மூழ்கும். இச்சுழற்சி பத்து நாட்களுக்கு ஒருமுறை நிகழ்கிறது.

புவி அறிவியல் அமைச்சகத்தின் கீழ் ஹைதராபாத்தில் இயங்கும் இந்தியத் தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம், இந்தியப் பெருங்கடலுக்கான ஆர்கோ தரவு மையமாகச் செயல்படுகிறது. இத்தரவுகள் எந்நாட்டவருக்கும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன.

நங்கூரமிட்ட மிதவைகள்

ஆர்கோ மிதவைகள் நீரோட்டத்தின் போக்கில் நகர்பவை. ஒரே இடத்தில் மணிக்கணக்கில் நிகழும் மாற்றங்களை அறிய, கடலடியில் நங்கூரமிடப்பட்ட மிதவைகள் தேவைப்படுகின்றன. சென்னையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் வங்கக் கடலிலும் அரபிக் கடலிலும் இவற்றை நிறுவிப் பராமரிக்கிறது. காற்றழுத்தம், காற்றின் வேகம், அலைகளின் உயரம், நீருக்கடியிலுள்ள வெப்பநிலை ஆகியவற்றை இவை பதிவு செய்கின்றன.

இவற்றைப் பராமரிப்பது எளிதன்று. உப்புநீர் அரிப்பு, உணரிகள் மீது படியும் கடல் உயிரினங்கள் ஆகியவற்றுடன், படகுகளைக் கட்டுவதாலும் பாகங்கள் களவு போவதாலும் மிதவைகள் செயலிழக்கின்றன. புயல் காலத்தில் ஒரு மிதவை மௌனமானால், அப்பகுதியின் நேரடித் தரவு கிடைக்காமல் போகிறது. அதன் விளைவு கரையோர மக்களையும் கடலுக்குச் செல்லும் மீனவர்களையுமே முதலில் பாதிக்கும்.

விண்ணிலிருந்து ஒரு பார்வை

மிதவைகள் தனித்தனிப் புள்ளிகளில் அளக்கின்றன. செயற்கைக்கோள்கள் பரந்த கடற்பரப்பைக் காண்கின்றன. இஸ்ரோ 2022-ஆம் ஆண்டு நவம்பர் 26-ஆம் தேதி விண்ணில் செலுத்திய ஓஷன்சாட்-3 செயற்கைக்கோளில், கடல் பரப்பின் மீது வீசும் காற்றை அறியும் ரேடார் கருவி உள்ளது. காற்றால் எழும் சிற்றலைகளில் பட்டுத் திரும்பும் நுண்ணலைகளைக் கொண்டு காற்றின் வேகமும் திசையும் கணக்கிடப்படுகின்றன.

உயரமானி பொருத்தப்பட்ட செயற்கைக்கோள்கள் கடல்மட்டத்தின் ஏற்றத்தாழ்வை அளக்கின்றன. நீர் சூடாகும்போது விரிவடைவதால், கடல்மட்டம் சற்று உயர்ந்துள்ள இடங்களில் அடியில் வெப்பம் தேங்கியிருக்கலாம் என்பதை விஞ்ஞானிகள் அறிகின்றனர். எனினும், செயற்கைக்கோள்களால் ஆழ்கடலை நேரடியாக அளக்க இயலாது. அவை தரும் மதிப்பீடுகளை மிதவைகளின் அளவீடுகளுடன் ஒப்பிட்டே உறுதிசெய்கின்றனர்.

தரவிலிருந்து எச்சரிக்கை வரை

இவ்வாறு திரட்டப்படும் தரவுகள் மீக்கணினிகளுக்குச் செல்கின்றன. வளிமண்டலத்தையும் கடலையும் சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் வெப்பம், காற்று, ஈரப்பதம் எவ்வாறு மாறும் என்பதை இயற்பியல் சமன்பாடுகள் வாயிலாகக் கணிக்கின்றனர். 2025-ஆம் ஆண்டு மே மாதம் அறிமுகமான ‘பாரத் முன்னறிவிப்பு அமைப்பு’ 6 கிலோமீட்டர் அளவிலான கட்டங்களைப் பயன்படுத்துகிறது. முன்னர் இது 12 கிலோமீட்டராக இருந்தது.

கட்டங்கள் எவ்வளவு சிறிதானாலும், தொடக்கத் தரவு பிழையானால் கணிப்பும் பிழையாகும். அதனால்தான், மீக்கணினிகளின் திறன் பெருகிவரும் இக்காலத்திலும் கடலில் மிதக்கும் கருவிகளின் முக்கியத்துவம் குறையவில்லை.