கடலடிப் பூம்புகாரும் தொலைக்காட்சியும்: ஓர் ஆவணப்படத்தின் காலக்கணிப்பு குறித்து

முன்னுரை

மறைந்த நாகரிகங்களைப் பற்றிய ஆவணப்படங்கள் அரை நூற்றாண்டுக்கும் மேலாக வெளிவந்துகொண்டிருக்கின்றன. எரிக் ஃபான் டேனிக்கன் 1968இல் எழுதிய நூலை ஒட்டி 1970இல் ஜெர்மனியில் எடுக்கப்பட்ட படம் முதல், கிரஹாம் ஹான்காக் தோன்றி 2022இல் நெட்ஃபிளிக்ஸ் வெளியிட்ட தொடர் வரை இவ்வகைக்கு நீண்ட மரபு உண்டு. இவற்றைத் தாம் பார்ப்பதில்லை என்று ஆய்வாளர்கள் சொல்லிக்கொள்வது வழக்கம். இக்கட்டுரையாளர் அவ்வாறு சொல்ல இயலாதவர். கலங்கிய நீருக்குள் விளக்குடன் ஒருவர் இறங்கும்போது எழும் ஆர்வம், அவருடைய முடிவுகளை ஏற்காதவர்க்கும் எழவே செய்கிறது. ஆயினும் முதுகலை மாணவர்களின் ஆய்வேடுகளில் இப்படங்கள் சான்றுகளாக இடம்பெறத் தொடங்கியுள்ளமையால், அவற்றைச் சுவைப்பதோடு நின்றுவிட முடியவில்லை. தமிழகத்தோடு நேரடித் தொடர்புடைய ஒரு படத்தின் வாதத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, அது எவ்விடத்தில் வலுவுடையது, எவ்விடத்தில் தளர்கிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

படம் காட்டும் பூம்புகார்

2002இல் பிரிட்டனின் சேனல் 4 தொலைக்காட்சி, பனியூழிக் காலத்தில் கடலில் மூழ்கிய நாடுகள் என்னும் பொருளில் ஹான்காக்கின் மூன்று பகுதித் தொடரை ஒளிபரப்பியது. பூம்புகார்க் கடலடியில் உள்ள ஓர் அமைப்பு அதில் முதன்மையான சான்றாக முன்வைக்கப்பட்டது. அவ்வமைப்பு ஹான்காக் கண்டறிந்ததன்று. கோவாவிலுள்ள தேசியக் கடலியல் நிறுவனத்தின் கடல்சார் தொல்லியல் குழுவினர் எஸ். ஆர். ராவ் தலைமையில் நடத்திய ஆய்வில், கரையிலிருந்து ஏறத்தாழ 5 கி.மீ. தொலைவில், 23 மீட்டர் ஆழத்தில், குதிரை லாட வடிவிலான அமைப்பொன்று 1991இல் அறியப்பட்டது. 1993இல் மூழ்காளர்கள் இறங்கிப் பார்த்தனர். பின்னர் அந்நிறுவனத்தாரோடு ஹான்காக்கும் அங்கு மூழ்கினார்.

படத்தின் வாதம் எளிமையானது. டர்ஹாம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிளென் மில்னின் கடல்மட்டக் கணிப்பின்படி, இன்று 23 மீட்டர் ஆழத்திலுள்ள அப்பகுதி ஏறத்தாழ 11,000 ஆண்டுகளுக்கு முன் நீரில் மூழ்கியது. ஆகவே அவ்வமைப்பைக் கட்டியவர்கள் அதற்கு முன் வாழ்ந்திருக்க வேண்டும். இவ்வாதத்தைக் கேட்ட அளவிலேயே ஒதுக்குவது முறையன்று. பனியூழியின் உச்சத்தில், ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், கடல்மட்டம் இன்றுள்ளதைவிட 120 மீட்டர் அளவிற்குத் தாழ்ந்திருந்தது என்பது நிறுவப்பட்ட உண்மை. சோழமண்டலக் கரை அன்று கிழக்கே தள்ளியிருந்தது என்பதிலும் ஐயமில்லை.

ஆழத்திலிருந்து காலத்திற்கு

இவ்வாதத்தில் ஒரு தாவல் உள்ளது. மில்னின் கணிப்பு அவ்விடம் மூழ்கிய காலத்தைச் சொல்கிறது. அங்குள்ள பொருளைப் பற்றி எதையும் சொல்வதில்லை. ஆழத்தைக் காலமாக மாற்றுவதற்கு இரண்டு எடுகோள்கள் தேவைப்படுகின்றன. ஒன்று, அவ்வமைப்பு மனிதர் கட்டியது என்பது. மற்றொன்று, கட்டிய நாள்தொட்டு அந்நிலம் கடல்மட்டக் கணிப்பு காட்டுவதற்கு மேல் இறங்கவில்லை என்பது.

இரண்டாவதை முதலில் நோக்கலாம். இத்தகைய கணிப்புகள் பனிப்பாறைகள் உருகியதாலும் கடல்நீரின் சுமையாலும் புவியோடு நெகிழ்வதைக் கணக்கில் கொள்பவை. ஆற்றுக் கழிமுகத்து வண்டல் தன் எடையால் இறுகித் தாழ்வதும், உள்ளூர் நிலப்பிளவுகளின் அசைவும் அவற்றுள் அடங்குவதில்லை. பூம்புகாரோ காவிரிக் கழிமுகத்தில் இருக்கிறது. எனவே படம் தரும் காலத்தை அப்படியே கொள்ள இயலாது. ஆனால் மறுப்பவர்களும் இங்கே ஒரு கணக்குப் போட வேண்டும். அவ்வமைப்பு ஏறத்தாழ 2,300 ஆண்டுகளுக்கு முற்பட்டது என்று கொண்டால், 23 மீட்டர் ஆழத்திற்கு ஆண்டுக்கு 1 செ.மீ. வீதம் இடைவிடாமல் நிலம் தாழ்ந்திருக்க வேண்டும். இது மிகப் பெரிய அளவு. இதற்கும் சான்று காட்டவேண்டும்; ‘நிலம் தாழ்ந்திருக்கும்’ என்று ஒற்றை வரியில் எழுதிவிட்டு நகர்வது ஹான்காக் செய்வதற்கு ஒப்பானதே.

ஆகவே முதல் எடுகோளே அடிப்படையானது. வடிவ ஒழுங்கு மனித உழைப்பைக் காட்டப் போதுமானதன்று. கடலடிப் பாறைகள் ஒழுங்கான வடிவம் பெறுவது உலகின் பல கடற்கரைகளில் அறியப்பட்டதே. அவ்வமைப்பு முறையாக அகழப்பட்டு, காலம் கணிக்கத்தக்க பொருள் அதன் மண்ணடுக்கிலிருந்து பெறப்பட்டதாக வெளியான முடிவுகள் இல்லை. இதற்கு மாறாக, கரையோரத்திலும் ஆழம் குறைந்த நீரிலும் கிடைத்த உறைகிணறுகள், செங்கற் கட்டட எச்சங்கள், செதுக்கிய கற்கள், பானையோடுகள் ஆகியன தொடக்க வரலாற்றுக் காலப் பண்பாட்டைச் சார்ந்தவை. 1960களில் இந்தியத் தொல்லியல் துறை கீழையூரில் அகழ்ந்த செங்கற் படகுத்துறையில் கிடைத்த மரத்தூண், கரிமக் கணிப்பின்படி ஏறத்தாழ கி.மு. 3ஆம் நூற்றாண்டைச் சார்ந்தது. இவ்விரு தொகுதிகளையும் பூம்புகார் என்னும் ஒரே பெயரால் அழைக்கும்போது, ஒன்றன் உறுதி மற்றொன்றுக்கும் பரவிவிடுகிறது.

இத்தகைய படங்களின் மொழிநடையும் கவனிக்கத்தக்கது. ‘இருக்கலாம்’ என்பது விளம்பர இடைவேளைக்குப் பின் ‘இருந்தது’ ஆகிவிடும். ‘எனக் கருதலாம்’ என ஒரு பத்தியில் எழுதி, இரண்டு பக்கங்களுக்குப் பின் ‘என முன்னர்க் கண்டோம்’ என்று எழுதும் நம் ஆய்வேடுகளை நினைக்கும்போது, இதனைத் தொலைக்காட்சிக்கே உரிய குற்றமாகச் சொல்லத் தயக்கம் ஏற்படுகிறது.

இலக்கியச் சான்று

காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல்கொண்டமையை மணிமேகலை கூறுகிறது. சோழ மன்னன் மகனை இழந்த துயரத்தில் இந்திரவிழாவை மறந்தமையால் நேர்ந்த சாபமே காரணம் என்பது காப்பியச் செய்தி. இதனைப் பனியூழி வெள்ளத்தின் நினைவாகக் கொள்ளும் போக்கு உண்டு. அவ்வாறு கொள்வதற்குப் பெருந்தடையாக இருப்பது அந்நகரே. பட்டினப்பாலையும் சிலப்பதிகாரமும் காட்டுவது குதிரையும் மிளகும் பொன்னும் வந்திறங்கும், வேற்று நாட்டார் கலந்துறையும் வணிகத் துறைமுகம். மணிமேகலை கடலில் மூழ்கியதாகச் சொல்வதும் அந்த நகரைத்தான். அதில் பௌத்தத் துறவியரும் இருக்கின்றனர். பௌத்தம் தோன்றிய பிறகு இருந்த நகரின் அழிவை 11,000 ஆண்டுகளுக்கு முன் தள்ளுவதாயின், நகரை ஒரு காலத்திலும் அதன் அழிவை வேறொரு காலத்திலும் வைக்க நேரும். இலக்கியத்தைச் சான்றாக அழைப்பவர் அதன் ஒரு வரியை மட்டும் சாட்சிக் கூண்டில் ஏற்றிவிட்டு மற்றவற்றை வெளியே நிறுத்த முடியாது.

மறுப்புப் படங்களும் நம் படமும்

மறுக்கும் தரப்பும் எப்போதும் நேர்மையாக நடந்ததில்லை. 1999இல் பி.பி.சி.யின் ‘ஹொரைசன்’ தொடர் ஹான்காக், ராபர்ட் பௌவல் ஆகியோரின் கருத்துகளைக் கடுமையாக மறுத்து ஒரு படம் ஒளிபரப்பியது. இருவரும் ஒளிபரப்புத் தர ஆணையத்திடம் முறையிட்டனர். பெரும்பாலான குறைகள் தள்ளுபடியாயின. கீசா பிரமிடுகளையும் ஓரையன் விண்மீன்களையும் பற்றிய அவர்களுடைய மறுமொழி விடுபட்டது என்ற ஒன்று ஏற்கப்பட்டது. 2000இன் இறுதியில் திருத்திய வடிவம் மீண்டும் ஒளிபரப்பானது. எதிர்த்தரப்பின் வாதத்தை முழுமையாகச் சொல்லிய பிறகே மறுக்கவேண்டும் என்பது பூர்வபக்கம் கூறி மறுக்கும் மரபில் வந்த நமக்குப் புதிதன்று. 2022இல் வெளியான தொடரை அறிவியல் புனைவாக வகைப்படுத்துமாறு அமெரிக்கத் தொல்லியல் கழகம் நெட்ஃபிளிக்ஸிடம் கோரியது. வகையை மாற்றுவதைக் காட்டிலும் வாதத்தை மறுப்பது கடினமான வேலை, ஆயினும் அதுவே பயன்தருவது.

நம்முடைய படம் ஒன்றும் உண்டு. 1981இல் மதுரையில் நடைபெற்ற ஐந்தாம் உலகத் தமிழ் மாநாட்டில், தமிழக அரசின் ஆதரவில் உருவான குமரிக்கண்டம் பற்றிய ஆவணப்படம் திரையிடப்பட்டது. கண்டப் பெயர்ச்சிக் கொள்கையும் மூழ்கிய கண்டக் கொள்கையும் அதில் ஒருசேர இடம்பெற்றன. மடகாஸ்கரிலும் இந்தியாவிலும் ஒத்த விலங்கினங்கள் காணப்படுவதை விளக்க 1864இல் பிலிப் ஸ்கிளேட்டர் படைத்த பெயர்தான் லெமூரியா. கண்டங்கள் நகர்கின்றன என்பது நிறுவப்பட்டதும் அதன் தேவையே இல்லாமற் போயிற்று. ஒன்று மற்றொன்றை நீக்குவதற்காக வந்தது என்பதை அறியாமல் இரண்டையும் ஒரே மேடையில் அமர்த்தினோம். அட்லாண்டிஸ் படத்தைக் கண்டு நகைக்கும் நம் கருத்தரங்குகள் இப்படத்தைப் பற்றி வாய் திறப்பதில்லை.

எஞ்சும் வினா

குதிரை லாட அமைப்பு இன்றும் விடையற்றே கிடக்கிறது. அதன் அடித்தளத்திற்குக் கீழும் பக்கங்களிலும் துளையிட்டு வண்டல் மாதிரிகள் எடுத்து, அவற்றிலுள்ள சிப்பிகளின் காலத்தைக் கணித்தல். கல்லின் வகையை ஆராய்ந்து அது அவ்விடத்துப் பாறையா, கொண்டுவந்து அடுக்கியதா என அறிதல். கழிமுகத்தின் தாழ்வு வேகத்தைத் தனியே அளத்தல் ஆகிய மூன்றும் இன்றைய தொழில்நுட்பத்திற்கு எட்டியவை. அது இயற்கைப் பாறை என்று தெரியவரின் படத்தின் வாதம் வீழும். மனிதர் அடுக்கியது என்று தெரியவரின் நம் பாடநூல்கள் திருத்தம் பெறும். அப்போதும் அதைக் கட்டியவர்கள் தமிழ் பேசினர் என்பதற்கு அந்தக் கற்களில் சான்று இருக்கப்போவதில்லை.