மெரினா மணலும் எங்க மணல்மேடும்

மே மாச லீவுக்குச் சென்னையிலேர்ந்து வந்த அக்கா பேரன், எங்க ஊர்க் கடற்கரையைப் பார்த்துட்டு, "மெரினா எவ்ளோ பெருசு தாத்தா, இது இத்துனூண்டு இருக்கே"ன்னான். "மெரினா அவ்ளோ அகலமானதே துறைமுகம் வந்த பிறகுதான்டா"ன்னேன். நம்பலை. நீங்களும் நம்ப மாட்டீங்க, அதான் எழுதறேன்.

நம்ம கிழக்குக் கரையில் மணல் சும்மா கிடப்பதில்லை, நடந்துகொண்டே இருக்கும். தென்மேற்குப் பருவக்காற்று காலத்தில் அலை அதை வடக்கே தள்ளும். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் தெற்கே இழுக்கும். வருஷக் கணக்குப் பார்த்தால் வடக்கே போவதுதான் அதிகம். வாய்க்கால் தண்ணி மாதிரிதான். தலைமடைக்காரன் அடைச்சா கடைமடை காயும்.

1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் சென்னைத் துறைமுகத்துக்கு அடிக்கல் வைத்தார். கடலுக்குள் கல்லைக் கொட்டிச் சுவர் எழுப்பினார்கள். 1881 புயல் அதை உடைத்துப் போட்டது, மறுபடி கட்டினார்கள். வடக்கே நடந்த மணல் அந்தச் சுவரில் முட்டித் தெற்குப் பக்கம் குவிந்தது. அதே 1880களில் ஆளுநர் கிராண்ட் டஃப் கடலோரம் நடைபாதை போட்டு மெரினா என்று பேர் வைத்தார். அதன் பிறகும் வருஷா வருஷம் மணல் சேர்ந்துகொண்டே வந்தது. தெற்கே வரவு என்றால் வடக்கே செலவு. ராயபுரம், திருவொற்றியூர்க் கரையைக் கடல் அரித்தது. இன்னிக்கு அங்கே நிற்பது கருங்கல்.

நூறு வருஷம் கழித்துப் புதுச்சேரியிலும் அதே கதை. 1980களில் அரியாங்குப்பம் ஆற்று முகத்தில் துறைமுகச் சுவர் வந்தது. தெற்கே சேரும் மணலை எடுத்து வடக்கே விட வேண்டும் என்பது ஏற்பாடு. அது ஒழுங்காக நடக்கவில்லை. நகரத்துக் கடற்கரை போய்க் கல்தான் மிஞ்சியது. கல் போட்ட இடத்தில் அரிப்பு நின்றது, அடுத்த குப்பத்தில் ஆரம்பித்தது. தந்திராயன்குப்பம், பொம்மையார்பாளையம் என்று வடக்கே ஏறியது. பிற்பாடு கடலுக்குள் செயற்கைத் திட்டு வைத்த பிறகு, நகரத்தில் கொஞ்சம் மணல் திரும்பியிருக்கு.

ஊர்க் கதையைச் சொல்லிட்டு எங்க கதையை மறைச்சா நியாயமில்ல. எங்க கொல்லைக்கும் கடலுக்கும் நடுவுல மூணு ஆள் உயரத்துக்கு மணல்மேடு இருந்தது. அடும்பங்கொடியும் ராவணன் மீசையும் காத்துல வர்ற மணலைப் பிடிச்சு வெச்சுக்கும். மூடினாலும் மேலே துளிர்க்கும், மேடு வளரும். புயல்ல கடல் அதிலேர்ந்து மணலை எடுத்துக்கும், அமைதியான மாசத்துல திருப்பித் தரும். கடலுக்கு அது குதிர் மாதிரி. மழைத்தண்ணி அந்த மணல்ல இறங்கி உப்புத்தண்ணிக்கு மேல நிக்கும். கையால தோண்டினா நல்ல தண்ணி.

அப்பா அதைச் சமன் பண்ணிச் சவுக்கு வெச்சார். நானும் மண்வெட்டி பிடிச்சேன். மணலை வண்டி வண்டியா வித்தோம். சவுக்கும் நல்ல காசு தந்தது. நிழல்ல அடும்பு செத்தது. பங்குனி ஆமை வந்து குழி தோண்ட இடமில்லாமல் திரும்பிப் போச்சு. 2011 டிசம்பர்ல தானே புயல் வந்தப்போ, தடுக்க எதுவுமில்ல. கடல் நேரா மல்லாட்டைக் கொல்லைக்குள்ள வந்தது. தாத்தா வெட்டின கிணறு உப்பாச்சு.

அதுக்கப்புறம் கடலோரம் நாப்பது அடி விட்டுட்டேன். சவுக்கு வைக்கல, ஆடு விடல. மூணாம் வருஷம் அடும்பு தானா வந்தது. இப்ப மேடு முழங்கால் உயரம். கிணறு இன்னும் கரிக்குது. அப்பா ஒரு கோடையில் அழிச்சதை நான் என் காலத்துல முழுசாப் பார்க்க மாட்டேன்.

பேரன்கிட்ட ஒண்ணு சொல்லி அனுப்பினேன், உங்களுக்கும் அதேதான். அடுத்த தடவை மெரினா போனா, அப்படியே வடக்கே ராயபுரம் கரையையும் ஒரு எட்டு பார்த்துட்டு வாங்க.