அன்பளிப்புக் கணினி வருமுன் பாடசாலை கேட்க வேண்டிய கேள்விகள்

யாழ் குடாநாட்டுப் பாடசாலைகளுக்குக் கணினியும் ஸ்மார்ட் பலகையும் வாங்கிக் கொடுக்கப் புலம்பெயர்ந்த பழைய மாணவர்கள் தயாராகவே இருக்கிறார்கள். திறப்பு விழாக்களுக்கும் குறைவில்லை. ஆனால் செய்திக்காக நான் போன சில பாடசாலைகளில் அந்த அறைகள் பூட்டிக் கிடந்தன. விசாரித்தால் காரணம் சிறியதாகவே இருக்கும். யூபிஎஸ் பற்றரி பழுதாகியிருக்கும், புரொஜெக்டரின் மின்குமிழ் போயிருக்கும், இல்லாவிட்டால் பொறுப்பாசிரியர் இடமாற்றலாகிப் போயிருப்பார். திருத்துவதற்கென்று யாரும் காசு ஒதுக்கியிருக்கமாட்டார்கள்.

ஆகவே எத்தனை கணினி என்று கணக்குப் போடுவதற்கு முன்னர், எந்த வகுப்புக்கு, எந்தப் பாடத்துக்கு என்பதை அதிபரும் பாட ஆசிரியர்களும் இருந்து பேசி முடிவெடுக்க வேண்டும். சாதாரண தர விஞ்ஞானத்துக்குக் காணொளி காட்டுவதுதான் தேவையென்றால் இருபது கணினி எதற்கு?

அடுத்தது மின்சாரம். 2022 இல் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்ததை யாரும் மறந்திருக்கமாட்டார்கள். பற்றரிக்கே தடையிருந்த தொண்ணூறுகளில் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட ஊர் இது. குறைந்த மின்சாரத்தில் ஓடும் பொருளைத் தேடுவது எங்களுக்குப் புதிதல்ல. பற்றரி நல்ல நிலையிலுள்ள பழைய மடிக்கணினி ஒன்று, புதிய மேசைக் கணினியை விட இங்கே அதிகம் உதவும் என்பது என் கருத்து.

அந்த மடிக்கணினியையே வகுப்பறையின் சிறு நூலகமாக்கலாம். 2012 இல் வெளிவந்த ராஸ்பெரி பை என்ற, வங்கி அட்டையளவுக் கணினியும் இதற்குப் போதும். அதன் நான்காவது பதிப்புக்கு 15 வாட் மின்வழங்கி காணும். கொலிப்ரி, கிவிக்ஸ் ஆகிய இலவச மென்பொருள்களில் ஒன்றை நிறுவி, இணையம் உள்ள இடத்தில் ஒருமுறை பாடங்களைத் தரவிறக்கிவிட்டால், பிறகு டேட்டா செலவே இல்லை. ஒரு சாதாரண வைஃபை ரவுட்டர் மூலம் வகுப்பிலுள்ள டேப்லெட்டுகள் அதைத் திறந்து படிக்கும்.

சிக்கல் உள்ளடக்கத்தில்தான். கொலிப்ரியில் ஆயத்தமாகக் கிடைப்பவற்றில் ஆங்கிலமே அதிகம், தமிழ் குறைவு. எனவே நாங்கள்தான் நிரப்ப வேண்டும். கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் பாடநூல்களும் தேசிய கல்வி நிறுவகத்தின் ஆசிரியர் வழிகாட்டிகளும் பீடிஎஃப் கோப்புகளாக இலவசமாகக் கிடைக்கின்றன. கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்திலும் தமிழ்ப் பாடங்கள் உண்டு. 2005 இல் தொடங்கப்பட்ட நூலகம் எண்ணிம நூலகத்தில் எங்கள் பிரதேசத்தின் வரலாற்றுக்கும் இலக்கியத்துக்கும் தேவையானவை நிறையவே இருக்கின்றன.

பாடசாலையின் சொந்த வினாத்தாள்களையும் சேர்க்கலாம். ஆனால் எங்கள் ஆசிரியர்களில் பலர் இன்னும் பாமினி எழுத்துருவிலேயே தட்டச்சு செய்கிறார்கள். திரையில் தமிழாகத் தெரிந்தாலும் கணினிக்கு அது வெறும் ஆங்கில எழுத்து. 'ஒளித்தொகுப்பு' என்று தேடினால் அகப்படாது. இலவச மாற்றிகள் இருக்கின்றன, சேர்க்கும்போதே ஒருங்குறிக்கு மாற்றிவிட வேண்டும்.

செலவைப் பற்றி ஒரு சொல். கரையோரப் பாடசாலைகளில் உப்புக் காற்று இணைப்பு முனைகளை அரித்துவிடும். வருகிற பணத்தில் மூன்றிலொரு பங்கையாவது திருத்தவேலைக்கு ஒதுக்கி, பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் கணக்கில் தனியாகக் காட்டச் சொல்வேன். இரண்டாவது ஆசிரியர் ஒருவரையும் ஆரம்பத்திலேயே பழக்கிவிட வேண்டும்.

லண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் பணம் அனுப்புபவர்கள் திறப்பு விழாப் படத்தோடு நின்றுவிடாமல், ஒரு வருடம் கழித்து அந்த அறையின் பாவனைப் பதிவேட்டின் பிரதியையும் அதிபரிடம் கேட்கலாம்.